பூமியில் ஒரு நண்பர்

"பத்தொன்பதாம் வீடு. திருமேனி, வயது நாற்பத்தேழு. நேற்றைய மூச்சு இருபதாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. மலச்சிக்கல், மூன்றாம் நாள். வடிவாம்பாள், வயது நாற்பத்து மூன்று. மூச்சு பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று ஆறு. இரும்புச்சத்து குறைவு, கீரை சேர்க்கவும். மேற்படி வடிவாம்பாள் தனியறை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். காரணம், கணவரின் குறட்டை. இருவருக்கும் காலை வணக்கம்."

சுவர் இதை உரக்கச் சொல்லி முடித்தபோது, திருமேனி பிட்ட பாசித் தோசை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. எதிர்வீட்டு ஞானதுரை கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"என்னவே திருமேனி, மூணு நாளா? ரெண்டு கொய்யாப்பழத்த முழுங்கும்வே, சரியாப் போவும்."

தனியறை சங்கதி அவர் காதிலும் விழுந்திருக்கும். விழாத மாதிரி கதவைச் சாத்திக்கொண்டார். புதுக்கொற்கையில் நாகரிகம் என்றால் இதுதான்.

புதுக்கொற்கை நிலவின் தென்முனைக்குப் பக்கத்தில், தரைக்கு நாற்பது மீட்டர் கீழே இருக்கிற ஊர். அறுநூற்று நாற்பது பேர். முக்கால்வாசி ஆட்கள் தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பனிச்சுரங்க வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். காற்று அங்கே சும்மா கிடைப்பதில்லை. வெயிலே படாத பள்ளங்களில் கிடக்கிற பனிக்கட்டியை வெட்டி, உருக்கி, அதிலிருந்து உயிர்வளியைப் பிரித்து வீட்டுக்கு வீடு அனுப்ப வேண்டும். அதனால் யார் எத்தனை மூச்சு விட்டார்கள் என்று எண்ணுவதற்கு ஒரு பேரறிவை வைத்தார்கள். மூச்சை எண்ண வந்தது, நாளடைவில் ரத்தத்தையும் மற்றதையும் சோதித்து மருத்துவமும் பார்க்க ஆரம்பித்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒரு முழ நீளம். யாருக்கு அவ்வளவு பொறுமை? ஊரார் 'வைத்தி' என்றார்கள். வீட்டுச் சுவரில் குரலாக இருப்பதும், மருத்துவக் கூடத்தில் நான்கு கையோடு நிற்பதும் ஒரே வைத்திதான்.

உடம்பைப் பற்றிய எதுவும் அந்த ஊரில் ரகசியமில்லை. பூமியில் 'சாப்டாச்சா' என்று கேட்கிற இடத்தில் அங்கே 'மூச்சு எவ்வளவு' என்பார்கள். பக்கத்துவீட்டுக்காரனின் மூலநோயைப் பற்றிக் கல்யாணப் பந்தியில் பேசுவார்கள். கூச்சப்படுவதற்கு என்று ஒரே ஒரு விஷயத்தைத்தான் மிச்சம் வைத்திருந்தார்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். நிலவில் எதற்கும் எடை ஆறில் ஒரு பங்குதான். அப்படியே விட்டால் எலும்பு அப்பளமாக நொறுங்கிவிடும். ஆகவே படுக்கையறைகளை மட்டும் பெரிய ராட்டினம் ஒன்றில் கட்டிச் சுற்றவிட்டிருந்தார்கள். உறக்க வளையம் என்று பெயர். உள்ளே போய்ப் படுத்தால் பூமியின் முழு எடையும் உடம்பில் வந்து உட்கார்ந்துவிடும். பகலில் திருமேனி பதினாறு கிலோ, துள்ளித் துள்ளி நடப்பான். படுக்கையில் தொண்ணூற்றாறு கிலோ. படுக்கையில் போய் யார் எடை பார்க்கிறார்கள்? தொப்பை விழுந்ததும் கழுத்தில் சதை மடிந்ததும் அவனுக்கு உறைக்கவேயில்லை. பதினாறு கிலோ மனுஷன் தன்னை ஒல்லி என்றுதானே நினைத்துக்கொள்வான்!

அந்த வளையத்தில் அறைகள் குறைவு. ஒரு தம்பதியைத் தனித்தனி அறையில் போட்டுவிட்டால், இரண்டு வருஷத்துக்குத் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். விண்ணப்பம் கொடுத்தபின் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், பொறுக்க வேண்டும். அதற்குள் கொடுத்தவரே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வாங்காவிட்டால் வடிவு பெட்டியைக் கட்டிக்கொண்டு வளையத்தின் அந்தக் கோடிக்குப் போய்விடுவாள்.

"குறட்டைன்னா எழுதியிருக்க?" என்றான் திருமேனி, தோசையைக் கீழே வைத்துவிட்டு.

"வேற என்னத்த எழுதச் சொல்லுதிய? சுவரு ஊருக்கே படிக்கும்லா" என்றாள் வடிவு. அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால்கூடச் சமாளித்திருப்பான். அலுத்துப்போன குரலாக இருந்தது.

எழுத முடியாத அந்த 'வேற' என்னவென்று அவனுக்குத் தெரியும். அவன் அவளைத் தொட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

ஆசை இல்லாமலா? கீரைப் பண்ணையில் வேலை முடிந்து, கையில் கொத்தமல்லி வாசத்தோடு அவள் உள்ளே வரும்போது இன்றைக்கும் அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஆனால் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. ஒரு நாள் முடியவில்லை. சரி, களைப்பு என்றான். இன்னொரு நாள் முடியவில்லை. மூன்றாம் நாள் முடியாமல் போய்விடுமோ என்ற பயத்திலேயே முடியவில்லை. அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் தோளில் கை வைத்தால், தூங்குவதுபோல நடித்தான். நடித்துக்கொண்டிருக்கும்போதே நிஜமாகத் தூங்கிப்போய்க் குறட்டையும் விட்டான்.

எட்டு மணிநேரம் அடித்துப்போட்டாற்போல் தூங்கியும் காலையில் தலை பாறையாகக் கனத்தது. பனிவெட்டி வண்டியை ஓட்டிக்கொண்டே கண்ணயர்ந்து ஒருமுறை பாறையில் மோதினான். துவையலில் உப்பு குறைந்ததற்கு வடிவின்மேல் எரிந்து விழுந்தான். அப்புறம் தனக்கே வெட்கமாகிக் கழிப்பறையில் போய் உட்கார்ந்துகொண்டான். சரக்குக் கப்பலில் வருகிற ஒருவனிடம் காதும் காதும் வைத்தாற்போல் சொல்லி, பூமியிலிருந்து லேகியம் வரவழைத்தான். காலையும் மாலையும் நெல்லிக்காய் அளவு. இரண்டு டப்பா காலியானதுதான் மிச்சம்.

'வைத்தியிடமே கேட்டிருக்கலாமே' என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க முடியாது. அதுதான் கூச்சக் கட்டளை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு, வைத்தி புதிதாக வந்த காலத்தில் அதற்கு இங்கிதம் கிடையாது. ஒரு நாள் காலையில், புதுமணத் தம்பதி ஒன்றின் வீட்டுச் சுவர் அவர்களுடைய மூச்சு, நாடித்துடிப்பு, எப்போது ஆரம்பித்து எப்போது முடிந்தது என்பதுவரை மொத்தத்தையும் ஊரறிய வாசித்துவிட்டது. 'நேரம் குறைவு, பதற்றம் வேண்டாம்' என்று மருத்துவக் குறிப்பு வேறு. நடைகூடமே விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளை இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் நேரே ஊர்மன்றத்துக்குப் போய்த் தன் கையாலேயே ஒரு கட்டளையை எழுதி நீட்டினான். படுக்கையறைக் கதவு சாத்தியபின் நடக்கும் எதையும் வைத்தி யாரிடமும் சொல்லக் கூடாது. சம்பந்தப்பட்ட குடிகளிடமும் சொல்லக் கூடாது. கேட்டாலும் சொல்லக் கூடாது. மன்றம் ஒருமனதாகக் கைதூக்கியது. அந்த மாப்பிள்ளை வேறு யாருமில்லை, நம் திருமேனிதான்.

தூக்கமும் கதவு சாத்தியபின் நடப்பதுதானே? ஒருவர் மூச்சு மூன்று நிமிடம் நின்றால் அபாயமணி அடிக்கும். அதற்குக் குறைந்தது எல்லாம் படுக்கையறைச் சங்கதி. வைத்தி வாயைத் திறக்காது.

அன்றைக்கு வேலைக்குப் போகிற வழியில் திருமேனியின் கால் தானாக மருத்துவக் கூடத்துக்குத் திரும்பியது. நாற்பத்தெட்டு நாளில் வீடு வெறிச்சோடிவிடும். மானமாவது, ஒன்றாவது! ஆனாலும் உள்ளே போய் உட்கார்ந்ததும் மானம்தான் முந்திக்கொண்டது. வைத்தியனிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். திருமேனி வாயைத் திறந்ததுமே பொய் சொன்னான்.

"எனக்கு ஒண்ணுமில்ல. என் சிநேகிதன் ஒருத்தனுக்காகக் கேக்க வந்தேன்."

வைத்தியின் நான்கு கைகளும் ஒரே நேரத்தில் நின்றன.

"உங்கள் நண்பர் புதுக்கொற்கைக் குடியா?"

"சேச்சே, இல்ல. பூமியில இருக்கான். திருச்செந்தூர்ல."

"நல்லது. கூச்சக் கட்டளை புதுக்கொற்கைக் குடிகளைப் பற்றியது. பூமியில் இருக்கும் நண்பர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. சொல்லுங்கள்."

திருமேனி சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவனுக்குப் பொண்டாட்டி மேல ஆசை இருக்கு, ஆனா உடம்பு ஒத்துழைக்க மாட்டேங்கு, ரெண்டு வருஷமாச்சு, ஆம்பளத்தனமே போயிட்டோன்னு பயந்து சாகுதான்.

"பகலில் தூங்கி வழிகிறாரா?"

"ஆமா."

"காலையில் தலைவலி? அற்ப விஷயத்துக்கும் எரிச்சல்? மனைவி அவருடைய குறட்டையைப் பற்றிக் குறைசொல்கிறாரா?"

"எல்லாம் உண்டு. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஊகம். அவருடைய கழுத்துச் சுற்றளவு நாற்பத்து நான்கு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோமா?"

திருமேனியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "வச்சுக்கிடுவோம்."

"எடை தொண்ணூற்றாறு. இடது முழங்காலில் ஒரு தழும்பு. அது சிகிச்சைக்குத் தேவையில்லை, விட்டுவிடலாம்." வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்திருந்ததைக் கொட்டுவதுபோல வைத்தி வேகமெடுத்தது. "உங்கள் நண்பருக்கு இருப்பது உறக்க மூச்சடைப்பு. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்கிறது, நாக்கு பின்னால் சரிகிறது, கழுத்துக் கொழுப்பு அழுத்துகிறது, காற்றுப்பாதை அடைத்துக்கொள்கிறது. மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நிற்கிறது. மிக நீண்ட நிறுத்தம் ஐம்பத்திரண்டு விநாடி."

"ஐயோ! செத்துப் போயிர மாட்டானா?"

"மூளை ஒவ்வொரு தடவையும் தட்டி எழுப்பிவிடும். எழுந்தது அவர் நினைவில் நிற்காது. ராத்திரி முழுக்க மணிக்கு நாற்பது தடவை எழுப்பப்பட்ட மனிதர், காலையில் நன்றாகத் தூங்கியதாக நினைத்துக்கொள்வார்."

"அது சரி. அந்த... ஆம்பளத்தனம்?"

"அது எங்கும் போய்விடவில்லை. ஆண்மைச் சுரப்பு பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்தில்தான் ஊறும். உறங்காதவருக்கு எங்கிருந்து ஊறும்? உயிர்வளி ஓயாமல் ஏறி இறங்கினால் ரத்தக்குழாய்களும் நலிந்துபோகும். களைப்பு ஒருபக்கம், மன உளைச்சல் ஒருபக்கம். ஆசை குன்றும், உடம்பு ஒத்துழைக்காது. பெண்களுக்கும் இந்த நோய் வரும், அவர்களுக்கும் இதே வாட்டம்தான். சிகிச்சை எடுத்தவர்களில் நிறையப் பேர் தேறியிருக்கிறார்கள். எல்லாருக்கும் முழுக்கச் சரியாகும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உங்கள் நண்பருக்கு நம்பிக்கை நிறைய இருக்கிறது."

திருமேனிக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கினால் வேறென்ன வரும்? சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நண்பருக்காக இவ்வளவு கலங்குகிறீர்கள்" என்றது வைத்தி. "அருமையான நட்பு."

இரண்டாவது கை பின்னாலிருந்து ஒரு பொருளை எடுத்து நீட்டியது. மூக்கை மூடுகிற சின்ன முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் உள்ளங்கை அளவுப் பெட்டி. காற்றணை என்று அதற்குப் பெயர். தூங்கும்போது மாட்டிக்கொண்டால் மெல்லிய அழுத்தத்தில் காற்றை ஊதித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், எடையில் பத்துக் கிலோவாவது குறைய வேண்டும் என்றும் வைத்தி சொன்னது.

"இதைத் திருச்செந்தூருக்கு அனுப்பிவைக்கட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். நானே குடுத்துக்கிடுதேன்."

"சரி. இன்னொன்று. லேகியத்தை நிறுத்துங்கள். மலச்சிக்கல் அதனால்தான். மலச்சிக்கல் உங்களுடையது, அதை உங்களிடமே சொல்லத் தடையில்லை."

அன்று உறக்கமணி அடித்து, வளையத்துக்குள் போய்ப் படுத்து, வடிவு கண்ணை மூடியதும் திருமேனி தலையணைக்கு அடியிலிருந்து காற்றணையை எடுத்து மாட்டிக்கொண்டான். பெட்டி 'புஸ்ஸ்' என்றது. வடிவு திரும்பினாள், முகமூடியைப் பார்த்தாள். புதுக்கொற்கையில் ஒருவன் படுக்கையில் முகமூடி போட்டுக்கொண்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஐயோ, காத்து கசியுது!" என்று அலறிக்கொண்டு, கட்டிலுக்கு மேல் தொங்கிய அபாய முகமூடியை ஒரே இழுப்பில் எடுத்துத் தானும் மாட்டிக்கொண்டாள். இன்னொன்றையும் பறித்து அவன்மேல் எறிந்தாள். முகமூடியும் முகமூடியுமாக இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து முழித்தார்கள். அவன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னது எதுவும் அவளுக்கு விளங்கவில்லை. கடைசியில் கழற்றினான்.

"காத்து எங்கயும் போகலட்டி. கழத்து அதை."

"பின்ன என்ன எழவு இது?"

சொன்னான். மருத்துவக் கூடத்தில் நண்பனுக்கு நடந்ததாகச் சொன்னதையெல்லாம் இப்போது தனக்கு நடந்ததாகச் சொன்னான். இதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "ஒன் மேல ஆசை இல்லாம திரும்பிப் படுக்கல வடிவு. பயம். தோத்துப் போயிருவேனோன்னு பயம். நீ என்ன நெனப்பியோன்னு பயம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். சற்று நேரம் அந்த முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சரி, மாட்டுங்க. பாப்போம்" என்றாள்.

விண்ணப்பத்தை அவள் திரும்ப வாங்கவில்லை. வாங்கு என்று அவனும் கேட்கவில்லை.

முதல் நாலு நாள் நரகம். மூக்கு வறண்டது, வார் கன்னத்தை அறுத்தது, தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்தான். ஐந்தாம் நாள் வடிவு திடுக்கிட்டு விழித்துக்கொண்டாள். அறையில் சத்தமே இல்லை. ஆள் போய்விட்டாரோ என்று பதறி அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷம், நின்றுபோன மூச்சு எப்போது திரும்ப வரும் என்று காத்துக் கிடந்தே பழகியவள் அவள். கையை எடுக்காமல் அப்படியே தூங்கிப்போனாள்.

பன்னிரண்டாம் நாள் தலைவலி இல்லை. இருபதாம் நாள், சுரங்கத்தில் யாரோ சொன்ன அசட்டு நகைச்சுவைக்குத் திருமேனி வாய்விட்டுச் சிரித்தான். கூட இருந்தவர்கள் பயந்துவிட்டார்கள். வடிவுக்கும் முகத்தில் தெளிச்சி வந்தது. அவள் தூக்கமும்தானே இத்தனை நாள் பாழாகியிருந்தது! இருவரும் சாப்பிட்டபின் நடைகூடத்தில் உலாவப் போனார்கள். முதலில் எடை குறைக்கத்தான் போனார்கள். பிறகு பேசுவதற்காகப் போனார்கள்.

முப்பத்தொன்பதாம் நாள் விடிகாலை, சுவர் பேசுவதற்கு ஒரு மணிநேரம் இருக்கும்போது, வடிவு கண் விழித்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். முகமூடியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான்.

"என்ன பாக்கிய?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

அவன் கை அவள் கன்னத்துக்கு வந்தது. அவசரம் இல்லை, பரீட்சை எழுதப்போகிற பயமும் இல்லை. முடிந்தால் முடியட்டும், இல்லாவிட்டால் இப்படியே பார்த்துக்கொண்டு கிடப்போம் என்று அவனுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததாலோ, தொண்டை அடைக்காமல் தூங்கியதாலோ, எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. மிச்சத்தைக் கதவுக்கு வெளியே நின்று சொல்வது முறையில்லை.

காலை உணவின்போது சுவர் பேசியது. "பத்தொன்பதாம் வீடு. திருமேனி, மூச்சு இருபத்தோராயிரத்து அறுநூறு. மலச்சிக்கல் இல்லை. வடிவாம்பாள், மூச்சு இருபத்தோராயிரத்து நூறு. இரும்புச்சத்து தேறிவருகிறது. இருவருக்கும் காலை வணக்கம்." அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தோசை புரையேறியது. கூச்சக் கட்டளையிலும் ஒரு நன்மை இருக்கத்தான் செய்தது.

அன்றைக்கே வடிவு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவந்து மேஜைமேல் வைத்தாள். திருமேனிக்கு உலகத்தையே ஜெயித்தாற்போல் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். பெருமை தாங்காமல், "என் சாமர்த்தியத்தப் பாத்தியா? சிநேகிதனுக்குன்னு ஒரு பொய்ய அவுத்து விட்டேன், வைத்தி மொத்தத்தையும் கக்கிட்டு. அருமையான நட்புன்னு பாராட்டு வேற" என்றான்.

வடிவின் சிரிப்பு நின்றது.

"நான் எட்டுத் தடவ கேட்டேன்" என்றாள்.

"யாருகிட்ட?"

"வைத்திகிட்டதான். ரெண்டு வருஷத்துல எட்டுத் தடவ. ஒளிவு மறைவே இல்லாம கேட்டேன். என் வீட்டுக்காரருக்கு மூச்சு நின்னு நின்னு வருது, பயமா இருக்கு. என்னத் தொட்டே மாசக்கணக்காச்சு, அவருக்கு என்ன நோவுன்னு கேட்டேன். எட்டுத் தடவையும், அது பத்திப் பேச அனுமதி இல்ல, இன்னைக்குக் கீர எப்படி வெளைஞ்சிருக்குன்னு கேட்டுது." அவள் கண் நிறைந்துவிட்டது. "நான் என்ன நெனைக்க? நீய என்னவோ மறைக்கிய, வைத்தியும் ஒங்களுக்கு உடந்தைன்னு நெனச்சேன். என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன். அதான் தனியறைக்கு எழுதிக் குடுத்தேன். உள்ளதச் சொன்ன எனக்கு வாயத் தெறக்கல. பொய் சொன்ன ஒங்களுக்கு முகமூடியும் குடுத்து, நல்ல நட்புன்னு சர்டிபிகேட்டும் குடுத்திருக்கு."

திருமேனி மேஜைமேல் கிடந்த விண்ணப்பத்தைப் பார்த்தான்.

"கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

தன் கையே தன் கண்ணைக் குத்திய கதை. அவன் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "அடுத்த மன்றத்துல நானே எந்திரிச்சு அத அழிச்சிருதேன்" என்றான்.

"நீய எந்திரிச்சா சுத்திவளைச்சுதான் பேசுவிய. நான் பேசுதேன்."

பேசினாள். ஊர்மன்றத்தில் முந்நூற்று எழுபத்து மூன்று பேருக்கு முன்னால் நின்று, குறட்டையில் ஆரம்பித்து, எட்டுத் தடவை கேட்டது, திருச்செந்தூர் நண்பன், முகமூடி எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொன்னாள். சபையில் பாதிப்பேர் கூரையைப் பார்த்தார்கள், பாதிப்பேர் கால்விரலைப் பார்த்தார்கள். இந்த நோய் ஊரில் இன்னும் எத்தனை பேருக்கு இருக்கிறதோ, கட்டளையை எடுத்துவிட்டால் வைத்தியே சொல்லிவிடும் என்று முடித்தாள்.

மன்றத் தலைவர் ஞானதுரை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தாயீ, நாலு பேரு இருக்க எடத்துல பேசுத பேச்சா இது? நம்ம ஊர்ல அப்படிச் சீக்கெல்லாம் யாருக்கும் கிடையாது. எதுக்கும் வாக்கெடுப்பு வச்சிருவோம். கட்டளைய எடுத்திரலாம்ங்கவங்க கையத் தூக்குங்க."

இரண்டு கைகள் எழுந்தன. ஒன்று வடிவுடையது, மற்றது திருமேனியுடையது.

மறுநாள் காலை மருத்துவக் கூடம் திறக்கும்போது வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் ஞானதுரை.

"வைத்தி, மதுரையில எனக்கு ஒரு சிநேகிதன் உண்டு..."

இரண்டாவது ஆளின் நண்பர் கோவில்பட்டியில் இருந்தார். நாலாவதாக வந்த பெண்ணுக்குத் தூத்துக்குடியில் ஒரு தோழி. ஒருவர் தன் நண்பர் எந்த ஊர் என்று முடிவு செய்வதற்குள் வியர்த்து ஊற்றிவிட்டார். வைத்தி யாரிடமும் பெயர் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் இருநூற்றுப் பதினொரு பேருடைய நண்பர்களுக்கு உறக்க மூச்சடைப்பு என்று தெரிந்தது. கையிருப்பில் பன்னிரண்டே முகமூடிகள் இருந்தன. மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு வைத்தி பூமியின் வழங்கல் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டது. யாருக்கு என்ற இடத்தில், அதற்குத் தெரிந்த உண்மையை எழுதியது: பூமியில் வசிக்கும் நண்பர்களுக்கு.

பூமியிலிருந்து பதில் வந்தது. நண்பர்கள் பூமியில் வசிக்கும்போது முகமூடிகளை நிலவுக்கு அனுப்பக் கேட்பது விளங்கவில்லை, முகவரிகளைத் தந்தால் இங்கேயே கொடுத்துவிடுகிறோம் என்று. மன்றம் அவசரமாகக் கூடியது. ஞானதுரை தன் கையாலேயே பதில் எழுதினார்: நண்பர்கள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள், தயவுசெய்து இங்கேயே அனுப்பவும்.

பத்து நாள் கழித்து, காலைத் தோசையின்போது சுவர் பேசியது. பூமியிலிருந்து வரும் அரசாங்கக் கடிதம் எல்லாவற்றையும் வீட்டுக்கு வீடு வாசிப்பது அங்கே வழக்கம்.

"வழங்கல் அலுவலகக் கடிதம். கோரியபடி முகமூடி நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் அடுத்த சரக்குக் கப்பலில் அனுப்பப்படுகின்றன. ஒப்பம், வழங்கல் அதிகாரி. அதற்குக் கீழே அதிகாரி தன் கையால் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. வாசிக்கட்டுமா?"

"வாசி" என்றான் திருமேனி.

"'இந்த முகமூடியை எப்படிப் பயன்படுத்துவது, எத்தனை நாளில் குணம் தெரியும் என்ற விவரங்களை எனக்குத் தனியே அனுப்ப முடியுமா? நிலவில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார்.'"

நடைகூடத்தின் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் சிரிப்பு வெடித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது ஞானதுரைதான். திருமேனி வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

வடிவு மட்டும் சுவரைப் பார்த்துக் கேட்டாள். "ஏன் வைத்தி, அங்கயும் கூச்சக் கட்டளை உண்டுமோ?"

"இல்லை. பூமியில் அப்படி ஒரு கட்டளை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அங்கே யாரும் எந்த மருத்துவரிடமும் எதையும் கேட்கலாம்."

திருமேனிக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. வடிவு அவன் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

"சிரிக்காதிய" என்றாள். "பாவம், அவரு வீட்டுக்காரி எத்தன தடவ கேட்டிருக்காளோ."